சந்திரன் ஏன் கீழே விழவில்லை?

தை மாதப் பௌர்ணமி வந்துவிட்டால் மதுரை ஜனங்களின் கால் வண்டியூர்ப் பக்கம்தான் போகும். அன்று தெப்பத் திருவிழா. மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் கோவிலை விட்டுப் புறப்பட்டு மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வருவார்கள். தெப்பத்தில் வடம் கட்டியிருக்கும். கரையில் நிற்கிறவர்கள் வடத்தைப் பிடித்து இழுப்பார்கள். தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். இரவில் வானத்தில் முழு நிலவு. தண்ணீரில் இன்னொரு நிலவு!

வடத்தை இழுப்பதால் தெப்பம் சுற்றுகிறது. சரி. மேலே இருக்கும் சந்திரனும் பூமியைச் சுற்றுகிறதே! அதை இழுக்கிறவர் யார்? வடம் எங்கே? வடம் இல்லாவிட்டால் அது ஏன் தொப்பென்று கீழே விழவில்லை?

சிறு பிள்ளைகள் கேட்கிற கேள்விதான். பதில் சொல்ல உலகத்து அறிஞர்களுக்கு 2,000 ஆண்டுகள் பிடித்தன.

வடத்தை விட்டால்?

கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) சொன்னது இது: "இழுத்தால் நகரும், விட்டால் நின்றுவிடும்." மாட்டு வண்டி ஓட்டுகிறவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அப்படியானால் சந்திரன்? அதற்கும் அரிஸ்டாட்டில் பதில் வைத்திருந்தார். வானத்துப் பொருள்கள் வேறு ஜாதிப் பொருளால் ஆனவை, வட்டமாகச் சுற்றுவது அவற்றின் இயல்பு என்றார். அதாவது பூமிக்கு ஒரு சட்டம், வானத்துக்கு ஒரு சட்டம்!

ஆனால் தெப்பம் இழுத்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் தளர்ந்த உடனே தெப்பம் நின்றுவிடாது. கொஞ்ச தூரம் தானாகவே போகும். அதை நிறுத்துவது தண்ணீரின் தடை. இத்தாலி நாட்டு கலிலியோ (1564–1642) சரிவுப் பலகையில் குண்டுகளை உருட்டி உருட்டிப் பார்த்து இந்த விஷயத்தைப் பிடித்தார். தடை இல்லாவிட்டால், ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். தள்ளிக்கொண்டே இருக்க ஆள் வேண்டியதில்லை!

பூமியும் சூரியனைச் சுற்றுகிறது என்றும் கலிலியோ வாதாடினார். வந்தது வினை! 1633-ல் ரோமாபுரியில் மத விசாரணை நடந்தது. சாகும்வரை அவர் வீட்டுக் காவலில் இருந்தார். அந்த நாளில் மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர் (1623–1659). வண்டியூர் தெப்பக்குளத்தை வெட்டியவரும் அவர்தான்.

தெப்பத்தில் இருப்பவர் கண்ணுக்கு

பூமி அசைகிறது என்ற பேச்சு இந்தியாவுக்குப் புதிது அல்ல. கி.பி. 499-ல், 23 வயது வாலிபராக இருந்த ஆரியபட்டர், பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதிவிட்டார். அவர் காட்டிய உதாரணம் படகு. படகு முன்னே போகும்போது, அதில் இருப்பவர் கண்ணுக்குக் கரையில் உள்ளவை பின்னே போவதுபோலத் தெரியும். அப்படித்தான் பூமி கிழக்கே சுழலும்போது நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தோன்றுகிறது என்றார். தெப்பத்தில் ஏறி மண்டபத்தைச் சுற்றியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இருந்தும் ஏற்றவர் குறைவு. 628-ல் பிரம்மகுப்தர் அதை மறுத்து எழுதினார். பின்னால் உரை எழுதிய சிலர், ஆரியபட்டர் சொன்னதற்கு வேறு அர்த்தம் சொல்லி மழுப்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பொருள்களைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது பூமியின் இயல்பு என்று சொன்னவரும் அதே பிரம்மகுப்தர்தான்!

ஆனால் அந்த இழுப்பு எவ்வளவு தூரம் எட்டும்? சந்திரன்வரை எட்டுமா?

விழுந்துகொண்டே இருக்கிறது!

எட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் ஐசக் நியூட்டன். அவர் பிறந்ததும் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில்தான்.

மதுரைக்குப் பக்கத்தில் யானைமலை இருக்கிறது. அதன் உச்சியில் நின்று ஒரு கல்லை எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். கல் வளைந்து போய் வயலில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். மனிதக் கையால் முடியாத வேகத்தில், காற்றின் தடையும் இல்லாமல் எறிந்தால்? பூமி உருண்டை அல்லவா! கல் கீழே இறங்க இறங்க, தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும். தரையை மட்டும் தொடாது!

சந்திரன் செய்வது இதுதான். அது விழவில்லை என்று யார் சொன்னது? ஒவ்வொரு விநாடியும் விழுகிறது!

எவ்வளவு விழுகிறது? தென்னை மரத்திலிருந்து விழும் தேங்காய் முதல் விநாடியில் 16 அடி இறங்கும். பூமியின் நடு மையத்திலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல் சந்திரன் 60 மடங்கு தள்ளி இருக்கிறது. தூரம் 60 மடங்கு ஆனால் இழுப்பு 60 தடவை 60, அதாவது 3,600-ல் ஒரு பங்காகக் குறையும் என்றார் நியூட்டன். 16 அடியை 3,600-ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்தில் 19-ல் ஒரு பங்கு. ஒரு நெல்லின் பருமன்கூட இல்லை! அதே விநாடியில் சந்திரன் பக்கவாட்டில் அரை மைலுக்கு மேல் ஓடிவிடுகிறது. அதனால்தான் அது பூமியில் மோதாமல் சுற்றி வருகிறது. அளந்து பார்த்ததும் கணக்கும் ஒத்துக்கொண்டது. 1687-ல் நியூட்டனின் புத்தகம் வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாத வடம் கிடைத்துவிட்டது!

சோழிக் கணக்கு

அப்படியானால் நியூட்டனுக்கு முன்னால் பௌர்ணமி என்றைக்கு என்று யாருக்கும் தெரியாதா? நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் சந்திரனின் போக்கை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்தார்கள். வாக்கியத்தில் எழுத்துக்கு எழுத்து ஓர் எண் ஒளிந்திருக்கும். காகிதம், பேனா எதுவும் வேண்டாம். தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தே கிரகணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கணக்கைக் கண்டு அசந்து போனவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் லெ ஜான்டில். பாவம், அவருடையது சோகக் கதை! சூரியனை வெள்ளி கடக்கும் அபூர்வக் காட்சியை அளந்து பார்க்க, 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6-ந் தேதி அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் எதை அளப்பது? அடுத்த தடவைக்காக 8 ஆண்டுகள் காத்துக் கிடந்தார். 1769 ஜூனில் அந்த நாளும் வந்தது. புதுச்சேரியில் சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! 1771-ல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் புதுச்சேரியில் அவர் சும்மா இருக்கவில்லை. தமிழ்க் கணிதர் ஒருவரிடம் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்டு 30-ந் தேதி சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. நியூட்டன் வழி வந்த கணக்கைச் சோழி முந்திவிட்டது!

எப்போதும் முந்தியதா? இல்லை. 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் இன்னொரு தமிழ்க் கணிதரைப் பார்த்தார். அவர் போட்ட கிரகணக் கணக்கில், தொடக்கம் 4 நிமிஷம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிஷமும் முடிவு 52 நிமிஷமும் தவறிவிட்டன. அவருடைய ஞாபகசக்தி அபாரம் என்று வாரன் எழுதினார். ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படி என்று அவருக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். ஏன் என்று தெரியாவிட்டால், பிசகும்போது திருத்துவது எப்படி?

திருத்தத் துணிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானிலைக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1867-ல், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி புதிய கணக்கில் பஞ்சாங்கம் போட்டார். பரம்பரைக் கணக்கை விட மனம் வராதவர்கள் அதை ஏற்கவில்லை.

இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கடைகளில் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்களும் விற்கின்றன. திதி முடியும் நேரத்தில் சில நாட்களில் இரண்டுக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் இருக்கும்.