பந்து இரண்டாகும் வெளி: தெரிவு அடிகோள் பற்றிச் சில குறிப்புகள்

கணிதத்திலேயே முரண் வந்தாச்சு, இனி எது உண்மை என்கிற குரலை நம் விவாதங்களில் அடிக்கடி கேட்கிறேன். ரஸ்ஸல், கெடல்ன்னு ரெண்டு பெயரைச் சொன்னால் போதும், பகுத்தறிவின் கதை முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. முரண் எங்கே வந்தது, வந்தபின் கணிதக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் பேசுவது சோம்பேறித்தனம்.

1901இல் ரஸ்ஸல் கண்டது அசல் முரண். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தின் கணம், தனக்கு உறுப்பா இல்லையா? எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். ஸெர்மெலோ 1908இல் கணங்களை உருவாக்கும் விதிகளை இறுக்கி இதை வெளியேற்றினார். நான் சொல்லவந்தது வேறு ரகம்.

1924இல் பனாக், டார்ஸ்கி என்ற இரு போலந்துக்காரர்கள் ஒரு தேற்றத்தை நிரூபித்தார்கள். திடமான ஒரு பந்தைச் சில துண்டுகளாகப் பிரித்து, நீட்டாமல், வளைக்காமல், வெறுமனே நகர்த்தித் திருப்பிச் சேர்த்தால் அதே அளவில் இரண்டு பந்துகள் கிடைக்கும். ஐந்து துண்டுகளே போதும் என்று 1947இல் ராபின்சன் காட்டினார். கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறது. ஆனால் நிரூபணத்தில் ஓட்டை கிடையாது.

சூட்சுமம் 'துண்டு' என்ற சொல்லில் இருக்கிறது. இது கத்தியால் வெட்டிய துண்டல்ல, புள்ளிகளின் கணம். வெளியைப் பருமனற்ற புள்ளிகளின் திரட்டாகக் கொண்டபின், எந்தப் புள்ளிகளைச் சேர்த்தும் ஒரு துண்டு என்று சொல்லலாம்தானே? இந்தத் துண்டுகள் பந்து முழுக்கத் தூசிபோல் பரவிக் கிடப்பவை. அவற்றில் சிலவற்றின் கன அளவு பூஜ்யம் என்றுகூடச் சொல்ல முடியாது. அளவு என்ற பேச்சே அங்கே செல்லாது. அளவே இல்லாததைச் சேர்த்தபின் அளவு இரட்டித்துவிட்டது என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது?

இப்படிப்பட்ட துண்டுகளைத் தருவது தெரிவு அடிகோள். ஸெர்மெலோ 1904இல் அதை வெளிப்படையாக வைத்தார்: காலியாக இல்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும், முடிவிலியாகவே இருந்தாலும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் புதிய கணமாக்கலாம். கேட்க அப்பாவியாகத்தான் இருக்கிறது. ரஸ்ஸலின் உதாரணத்தை நம்மூர்ப் பேச்சில் சொல்கிறேன். முடிவில்லாத செருப்பு ஜோடிகள் என்றால் 'இடதுகால்' என்ற ஒரு விதி போதும். காலுறை ஜோடிகளில் இடமும் இல்லை வலமும் இல்லை. எதை எடுப்பது என்று விதி சொல்ல முடியாது. பரவாயில்லை, எடுத்தாச்சுன்னு வச்சுக்கோ என்கிறது அடிகோள். போரெல், பேய்ர், லெபேக் மூவரும் 1905இல் கடிதங்கள் எழுதி இதை எதிர்த்தார்கள், அடமார் ஆதரித்தார். எதிர்த்தவர்களின் சொந்த வேலைகளிலேயே அது ஓசையில்லாமல் புழங்கியதைப் பின்னர் ஸியர்பின்ஸ்கி எடுத்துக்காட்டினார்.

சரி, தூக்கி எறிந்துவிட்டால்? மற்ற அடிகோள்களோடு இதைச் சேர்ப்பதால் புதிய முரண் வராது என்று 1938இல் கெடலும், மறுத்தாலும் வராது என்று 1963இல் கோஹனும் காட்டினார்கள். 1970இல் ஸாலவே, வேறொரு வலுவான அனுமானத்தின் துணையோடு, எண்கோட்டின் எல்லாக் கணங்களுக்கும் அளவு உண்டு என்கிற ஓர் உலகைக் கட்டினார். அங்கே பந்து இரட்டிக்காது. அதற்காக நிம்மதி அடைய வேண்டாம். அவ்வுலகில், தம்முள் வித்தியாசம் விகிதமுறு எண்ணாக உள்ள புள்ளிகளை ஒரே குழுவில் போட்டுக்கொண்டே போனால், புள்ளிகளைவிடக் குழுக்கள் அதிகம்! நம் இயக்கங்களின் பிளவு வரலாறு தெரிந்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் இது தேற்றம்.

ஆக, அடிகோள் என்பது பள்ளியில் சொன்ன 'வெளிப்படை உண்மை' அல்ல, ஒரு முடிவு. எல்லாம் கட்டமைப்புதான் என்கிற நண்பர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டியதன் விளைவு கட்டியவரின் விருப்பத்தைக் கேட்பதில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கணிதக்காரர்கள் இன்று தெரிவு அடிகோளை ஏற்று, பந்து இரட்டிப்பதைப் பொறுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். நிரூபணத்தில் அதைப் பயன்படுத்தும் இடத்தில், பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கமும் அவர்களில் பலரிடம் இருக்கிறது.