கை வைக்குமுன் காது கொடுங்கள்

அறுபதைத் தாண்டிய நம்மவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சூடேறிய பிறகுதான் இலங்கை வானொலி கேட்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. ஆனால் வால்வு சாகவில்லை. நம் பிள்ளைகள் பழகும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரின் குரலுக்கு இன்றும் தனி மவுசு.

என் சொந்த ஊர் குடிபாலா. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். இளவயதில் ஒரு ரேடியோ கடையில் சாலிடரிங் பழகியவன் நான். சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, நியூஜெர்சியிலிருந்து அக்கா மகன் கொண்டுவந்திருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் 'உம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. "மாமா, திறந்து பார்த்துவிடலாமா?" என்று ஸ்குரூ டிரைவருடன் வந்தான். "முதலில் கேட்போம், பிறகு திறக்கலாம்" என்றேன்.

முதலில் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230. நல்லவேளை, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தான். அடுத்து எர்த். இரைச்சல் குறையும் என்று சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை எடுத்துவிடுவார்கள். ஒருபோதும் கூடாது. கிட்டார்க் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தவை. 1972ல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி உயிரிழந்தார்.

பிறகு வெளிச் சோதனைகள். வேறு கேபிள், வேறு கிட்டார் மாட்டிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்பீக்கர் ஒயர் கழன்ற நிலையில் மட்டும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

வால்யூமைத் திருப்பும்போது 'கரகர' என்றால் அந்தக் கண்ட்ரோலில் அழுக்கு. சின்ன வால்வுகளைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஒன்று மட்டும் மணிபோல் ஒலித்தால் அதை மாற்றினால் போதும். பெரிய வால்வின் உள்ளிருக்கும் உலோகத் தகடே செக்கச் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அடியில் தெரியும் ஆரஞ்சு நிற வெளிச்சம் இயல்பானது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இனி இரைச்சல். வால்யூமை முழுதும் குறைத்தால் அது அடங்குகிறதா? அப்படியானால் கோளாறு கிட்டார், கேபிள், முதல் வால்வு பக்கம். எங்கள் பெட்டியில் அது அடங்கவில்லை. சுருதி போல ஒரே சீராக நின்றது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது மின்சாரத்தின் 50 சைக்கிள் இரட்டித்து 100 ஆகும் (அமெரிக்காவில் 60 என்பது 120). அந்த அலையைச் சமன் செய்பவை பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள். வயதானால் அவை உள்ளே உலர்ந்துவிடும். பிறகு அலை அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டு வைத்தியம் இங்கே நிற்க வேண்டும். அந்தக் கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் கூட இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். தொட்டால் ஆளைக் கொல்லும்.

பெட்டியை வேலூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு கண்டென்சரையும் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். இரண்டை மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. அவரது தகர டப்பாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகள் இருந்தன. அந்நிறுவனம் 1961ல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. இன்று கிட்டார் வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனாவிலிருந்து வருகின்றன. வால்வு கிடைக்கும், வால்வு தெரிந்த கைகள்தான் குறைந்துவருகின்றன.

நம் சங்கக் குடும்பங்களிலும் ஊரில் ரேடியோ பழுது பார்த்த பெரியவர்கள் இருக்கக்கூடும். தாத்தாவுக்குக் கிட்டார் புரியாமல் இருக்கலாம். பேரனுக்கு வால்வு புரியாமல் இருக்கலாம். இருவரையும் ஒரு பெட்டியின் முன் உட்கார வையுங்கள். எங்கே கேட்க வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பேரன் அவரிடமே கற்றுக்கொள்ளட்டும்.