குளமும் வாய்க்காலும்

கோவை உக்கடத்துப் பெரிய குளத்தின் கரையில் காலை வேளைகளில் நான் உலாவுவதுண்டு. நாரையையும் நீர்க்காகத்தையும் கேமராவில் படம் பிடிக்கும் கல்லூரி மாணவர் சிலரை அங்கே காண்கிறேன். ஒரு நாள் அவர்களுள் ஒருவர் முகம் வாடி அமர்ந்திருந்தார். நான்கு மாதங்களாக எடுத்த பறவைப் படங்களுள் பெரும்பகுதி போய்விட்டதாம். நடந்ததைக் கேட்டேன். மெமரி கார்டைக் கார்டு ரீடரில் செருகி, படங்களை நகல் எடுக்காமல், வெட்டி ஒட்டும் முறையில் கணிப்பொறிக்கு மாற்றியிருக்கிறார். வகுப்புக்கு நேரமாயிற்று என்று பாதியிலேயே கார்டைப் பிடுங்கிவிட்டார். மறுமுறை செருகியபோது, கார்டை ஃபார்மட் செய்யலாமா என்று கணிப்பொறி வினவியது. அவரும் ஆம் என்று அழுத்திவிட்டார்.

எங்கே தவறு நேர்ந்தது? எதிரே கிடந்த குளத்தையே காட்டி விளக்கினேன். நொய்யல் நீர் வாய்க்கால் வழியே குளத்தை அடைகிறது. வாய்க்கால் நீரைக் கொண்டுவருமேயன்றித் தேக்கி வைப்பதில்லை. கார்டு ரீடரும் அத்தகையதே. தேக்கம் கார்டில் இருக்கிறது. ரீடர் வெறும் வழி.

அந்தத் தேக்கத்தின் தன்மை வியக்கத்தக்கது. ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா 1984ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. மின்சாரம் நின்ற பின்னும் அவை வெளியேறுவதில்லை. ஸான்டிஸ்க், மாட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி 1999இல் எஸ்.டி. கார்டை அறிவித்தன. அதன் நீளம் 32 மில்லிமீட்டர், அகலம் 24.

கார்டில் படங்களோடு ஓர் அட்டவணையும் உண்டு. எந்தப் படம் எந்த இடத்தில் உள்ளது என்னும் குறிப்பு அது. நகல் எடுக்கும்போது கணிப்பொறி கார்டைப் படிக்கிறது. அட்டவணை பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெட்டி ஒட்டினாலோ, ஒவ்வொரு படமும் சென்று சேர்ந்தவுடன் அதன் குறிப்பை அழிக்கவேண்டியிருக்கிறது. அழிப்பதும் எழுதுவதே. எழுதிக்கொண்டிருக்கையில் கார்டைப் பிடுங்கினால் அட்டவணை குலைந்துபோகக்கூடும். படங்கள் உள்ளே இருந்தும் கணிப்பொறிக்குத் தெரியாது. ஆதலால்தான் ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறது. வேலை முடிந்ததாகத் திரை காட்டிய பின்னும் சிறிது நீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும் என எண்ணிக்கொள்ளுங்கள். 'எஜெக்ட்' என்பதை அழுத்தி, அனுமதி வந்த பின்னரே கார்டை எடுக்கவேண்டும். இதற்காக எவரும் வகுப்புக்குத் தாமதமாகிவிட மாட்டார்.

கார்டின் விளிம்பில் சிறு தாழ் ஒன்று இருக்கிறதே, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ரீடரில் செருகுமுன் அதனைப் பூட்டிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது; தவறி ஃபார்மட் அழுத்தினாலும் நடவாது. ஆயினும் முழுதும் நம்பிவிடாதீர்கள். அத்தாழ் கார்டின் உள்ளமைப்போடு இணைந்ததன்று. அதன் நிலையை ரீடர்தான் உணரவேண்டும். சில ரீடர்கள் உணர்வதில்லை. கைப்பேசியின் மைக்ரோ எஸ்.டி. கார்டில் தாழே இல்லை. அதைப் பொருத்தும் அடாப்டரில்தான் உண்டு.

நகல் எடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, நாலைந்து படங்களைக் கணிப்பொறியிலேயே திறந்து பார்த்து, வேறோர் இடத்தில் இரண்டாம் நகலும் வைத்த பின் கார்டைக் காலி செய்வதே முறை. காலி செய்வதையும் கேமராவிலேயே செய்வது நலம்.

அந்த மாணவருக்கு மீட்சி இல்லையா என்று கேட்பீர்கள். விரைவு ஃபார்மட் பொதுவாக அட்டவணையைப் புதிதாக்குகிறதேயன்றிப் படங்களைத் துடைப்பதில்லை. உடனே நிறுத்தியிருந்தால் மீட்பு மென்பொருள் அவற்றுள் பலவற்றைத் தேடி எடுத்திருக்கும். அவரோ மறுநாள் காலை அதே கார்டைக் கேமராவில் இட்டு, குளக்கரையில் புதிய படங்களை எடுத்துவிட்டார். பழையவற்றுள் பல அவற்றின் அடியில் மறைந்தன. எஞ்சியவற்றை மீட்டபோது முதலில் வந்தது, பாதி நாரையும் பாதி சாம்பல் நிறப் பட்டையுமாக ஒரு படம்.