மடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வெளிநாடு போய் வருகிறவர்களுக்கு



றத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ, உக்குவளை என்று நம்ம மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில், வெளிநாட்டுக்குப் போய் வந்த ஒருத்தரைக்கூடத் தெரியாத குடும்பம் இப்போது அபூர்வம்தான். சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். திருச்செந்தூர், வேளாங்கண்ணி, சபரிமலை என்று கும்பிடப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். போகிற இடம் எதுவானாலும் மடியில் இருப்பது சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு, அடகிலிருந்து மீட்ட நகை. அதனால் இந்த முறை திருடர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பிக்பொக்கெட் அடிக்கிறவனுக்கு நம்ம பாஷையில் பழைய பெயர் முடிச்சவிழ்க்கி. அந்தக் காலத்தில் காசை வேட்டி மடியிலும் முந்தானையிலும் முடிந்து வைத்துக்கொண்டு போவார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கிறவன் முடிச்சவிழ்க்கி. நம்ம பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தபோது கொண்டு வந்த சொத்தும் அந்த முடிச்சுத்தான். பிறகு 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம்ம சொந்தக்காரர் பலர் தலைமன்னாரில் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் நம்பித்தான் போனார்கள். போன இடத்தில், "நிலம் வாங்கித் தாறேன், வேலை எடுத்துத் தாறேன்" என்று கூடவே வந்த தரகர்களிடம் அந்தப் பணத்தை இழந்தவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. அங்கே எவனும் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஆறுதலாகப் பேசியவனை நம்பி அவர்களே அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் பெரிய களவு அப்படித்தான் நடக்கிறது. பிளேட்டால் பையைக் கிழிக்கிறவன் எடுப்பது ஒரு பர்ஸ். "அக்கா, நீங்களும் மாத்தளையா?" என்று சிரித்துக்கொண்டு வருகிறவன் எடுப்பது இரண்டு வருட உழைப்பு.

போவதற்கு முன்னே

எல்லாவற்றிலும் விலை கூடிய பொருள் பாஸ்போட். நகை போனால் மறுபடி வாங்கலாம். அந்நிய நாட்டில் பாஸ்போட் போனால் நீங்கள் யார் என்று காட்ட ஒரு கடுதாசியும் இருக்காது. ஆகவே படம் உள்ள பக்கம், விசா உள்ள பக்கம், அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மூன்று போட்டோ கொப்பி எடுங்கள். ஒன்று வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும். இன்னொன்று பெரிய பேக்கில், மற்றது கைப்பையில். மகனிடமோ மகளிடமோ சொல்லி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, வீட்டில் உள்ள இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். கொப்பிக்கு ஆகிற செலவு ஒரு பிளேன்டீ செலவுதான்.

ஏஜென்சிக்குப் பாஸ்போட்டைக் கொடுத்தால் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். காசு கொடுத்தாலும் அப்படியே. லயத்துக்கே வந்து "நான் எல்லாம் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற சப் ஏஜென்ட் ரசீது தரத் தயங்கினால், பயணம் தொடங்க முன்னமே களவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற நம்பருக்குப் பேசிக் கேட்கலாம். பணியகத்தில் பதிந்து போகிறவர்களுக்குக் காப்புறுதியும் உண்டு. பதியாமல் விசிட் விசாவில் போகிறவருக்கு அது இல்லை.

காசை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படிப் பிரிப்பது என்று சொல்ல மாட்டார்கள். பஸ் காசு, தேத்தண்ணிக் காசு மட்டும் வெளிப் பர்ஸில். மற்றது உள்பாவாடையின் உட்புறம் ஒரு துணிப்பை தைத்து, ஊக்குக் குத்தி, அதற்குள். ஆம்பிளைகள் காற்சட்டையின் உட்பக்கம் ஒரு பை தைத்துக்கொள்ளலாம். பின் பொக்கெட் உங்களுடையது இல்லை, பின்னால் நிற்கிறவனுடையது. அந்த உள்பையைப் பத்துப்பேர் முன்னால் திறக்காதீர்கள். கொஞ்சம் எடுக்க வேண்டுமானால் கக்கூசுக்குப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிற பழக்கம் நம்ம ஆட்களுக்கு நிறைய உண்டு. எங்கே வைத்திருக்கிறோம் என்பதைத் திருடனுக்குக் கை காட்டிச் சொல்வதும் அதேதான்.

தாலிக்கொடியை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பவுண் கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போவது நம்ம பெரியவர்கள் செய்த காரியம்தான், அதில் குறை எதுவும் இல்லை. கழற்றிய கொடியை டிரங்குப் பெட்டியில் வைப்பதைவிட பேங்கில் வைப்பது மேல். லயத்துப் பூட்டுகளைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

மாத்தளையிலிருந்து கட்டுநாயக்கா வரை

கண்டி பஸ்ஸிலும் கொழும்பு பஸ்ஸிலும் களவு நடப்பது பெரும்பாலும் மிதிபலகையில். ஏறுகிற நேரம் ஒருத்தன் முன்னால் நின்று வழி மறிப்பான். இன்னொருத்தன் பின்னால் நெருக்குவான். கை வேலை செய்வது மூன்றாவது ஆள். சில்லறையைக் கீழே கொட்டுகிறவன், உடுப்பில் எதையோ ஊற்றிவிட்டு "ஐயோ, துடைச்சு விடுறேன்" என்று தொடுகிறவன், நேரம் என்ன என்று கேட்டுத் திரும்ப வைக்கிறவன் எல்லாரும் இந்தக் கூட்டம்தான். நெரிசலில் எவராவது தேவையில்லாமல் மோதினால் பர்ஸில் கை வைக்க வேண்டாம், பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கைப்பை மடியில் இருக்க வேண்டும், தலைக்கு மேல் ராக்கையில் அல்ல. தூங்குகிறதாயிருந்தால் பையின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

எயார்போர்ட்டில் இன்னொரு விஷயம். "தங்கச்சி, என் பேக்கில் நிறை கூடிப்போச்சு, இந்தச் சின்னப் பார்சலை மட்டும் கொண்டு போங்க, அங்கே என் மச்சான் வந்து வாங்கிக்குவார்." எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள். அதற்குள் தூள் இருந்தால் அகப்படுவது நீங்கள். போதைப்பொருள் கடத்தினால் சவூதியில் மரண தண்டனை வரைக்கும் உண்டு. "எனக்குத் தெரியாது சேர்" என்பதைக் கேட்கிற நீதிமன்றம் எங்கேயும் குறைவு.

அந்த நாட்டில்

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் பாஸ்போட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுவது அங்கே ஊரறிந்த வழக்கம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கான 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டமும் தொழிலாளியின் பாஸ்போட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பதைத் தடுக்கின்றன. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுகிற நிலைமையில் எல்லாரும் இருக்கமாட்டார்கள், அது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கொப்பியைப் பற்றி அவ்வளவு சொன்னோம். பாஸ்போட் அவர்களிடம் இருந்தாலும் நம்பரும் கொப்பியும் உங்களிடம் இருக்கட்டும்.

ஒரு கொப்பி எவ்வளவு பெறுமதி என்பதற்குக் குவைத் கதை ஒன்றே போதும். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கே வேலை செய்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர், சம்பளம், நகை, உடுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வனாந்தரம் தாண்டி ஜோர்தானுக்கு ஓடினார்கள். அடுத்த வருடம் ஐக்கிய நாடுகள் சபை நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. இப்படி ஓடி வந்த தனி ஆளுக்கு 2,500 டொலர் என்றும், வேறு நட்டம் எதுவும் கேட்பதில்லை என்றால் 4,000 டொலர் என்றும் கணக்கு வைத்தார்கள். அதற்குக் கேட்ட சாட்சி பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நாட்டில் இருந்தது, எந்த நாளில் வெளியேறியது என்பதற்கு ஒரு கடுதாசி. வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு விசாக் கொப்பி கிடந்தவருக்கும், எதுவுமே இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளத்தை மெத்தைக்கடியில் சேர்க்க வேண்டாம். மாதா மாதம் பேங்க் மூலம், உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். கணக்கைப் போக முன்னே திறந்துவிட வேண்டும். (அனுப்பிய காசு வீட்டுக்கு வந்தபிறகு எப்படிக் கரைகிறது என்பது வேறு கதை. அதை எழுதினால் வீட்டுக்கார அண்ணன்மார் கோபிப்பார்கள்.) பேங்க் அட்டையின் இரகசிய நம்பரை அட்டையோடு எழுதி வைக்காதீர்கள்.

அடுத்தது அதிகம் பேர் சொல்லாத விஷயம். நம்ம பொருளை மற்றவன் திருடுவதைப் போலவே ஆபத்தானது, நாம் திருடினோம் என்று மற்றவர் சொல்வது. திரும்பி வருகிற நேரத்தில் வீட்டுக்காரம்மா சந்தோசமாக ஒரு மோதிரம் கொடுப்பார். இரண்டு நாள் கழித்து வீட்டில் வேறு ஏதாவது காணாமல் போகும். உங்கள் பேக்கைத் திறந்தால் மோதிரம் இருக்கும், பில் இருக்காது. ஆகவே நகையோ போனோ பரிசாகத் தந்தால் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அல்லது பில்லை வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால், அவர் சம்மதத்தோடு, அவர் கொடுக்கிற மாதிரி போனில் ஒரு படம் எடுங்கள். பேக் அடுக்குவதை வீட்டுக்காரம்மாவின் கண் முன்னாலேயே செய்யுங்கள். "பாருங்கம்மா" என்று ஒவ்வொன்றாகக் காட்டி அடுக்குவது ஒரு வெட்கமும் இல்லை. நீங்களாக வாங்கிய சாமான்களின் பில்லையும் எறிந்துவிடாதீர்கள்.

இந்தியாவுக்குக் கும்பிடப் போகிறவர்களுக்கு ஒரு சில வார்த்தை. லொட்ஜில் வெளிநாட்டாரின் விபரம் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போட் கேட்பார்கள். காட்டுங்கள், கொப்பி கொடுங்கள், பாஸ்போட்டை மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். கோயில் வரிசையில் தள்ளுமுள்ளு வருகிற நேரமும், கடலில் குளிக்கப் பையைக் கரையில் வைக்கிற நேரமும்தான் களவு நேரம். கூட்டமாகப் போனால் ஒருத்தர் குளிக்காமல் பைக்குக் காவல் இருக்கட்டும், பிறகு ஆள் மாறுங்கள்.

திரும்பி வரும்போது

கூடுதல் கவனம் தேவைப்படுகிற இடம் இதுதான். ஊருக்கு வந்துவிட்டோம் என்ற சந்தோசத்தில் மனம் தளர்ந்திருக்கும். இரவெல்லாம் தூக்கம் இல்லை. பேக்கில் விமான லேபல் தொங்கும், பெட்டியில் பெரிய எழுத்தில் பெயரும் விலாசமும் இருக்கும். எங்கேயிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று திருடன் கேட்கவே தேவையில்லை. "றத்தோட்டையா? எங்க அக்காவும் அங்கேதான் கட்டியிருக்கு" என்று நம்ம தமிழிலேயே பேச்சுக் கொடுப்பான். சில நேரம் ஒரு பொம்பளையும் பிள்ளையும்கூட இருப்பார்கள். பிறகு ஒரு பிஸ்கட், ஒரு ஜூஸ். கண் முழிக்கிறது ஆஸ்பத்திரியில். மயக்க மருந்து கொடுத்து வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கொள்ளையடித்த செய்திகள் நம்ம பத்திரிகைகளில் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன.

எயார்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் விமான லேபலைக் கழற்றிப் பையில் போடுங்கள். வருகிற நாளை வீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள், தோட்டம் பூராவும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த வேன்காரரோடு வீட்டார் ஒருத்தர் வரட்டும். வேன் கூலி கூடத்தான், ஆனால் பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு நாளைப் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இரவில் வந்து இறங்கினால், வீட்டார் வரும்வரை எயார்போர்ட்டுக்குள்ளேயே இருங்கள். பெட்டி உடைந்திருந்தாலோ, சாமான் குறைந்திருந்தாலோ வெளியே வராமல் அந்த விமானக் கம்பனியின் கவுண்டரிலேயே எழுதிக் கொடுத்து, அதன் கொப்பியை வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் சேதம் தெரிந்தது என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். ஊரில் கொடுக்கிற விமானச் சிட்டையின் துண்டை அதுவரை வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகும் சிலருக்குப் போன் வரும். "வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பார்சல் வந்து சுங்கத்தில் நிக்குது, இந்தக் கணக்குக்குக் காசு போடுங்க." சுங்கத் திணைக்களம் அப்படித் தனி ஆளின் கணக்குக்குக் காசு கேட்காது. போனை வைத்துவிடுங்கள்.

களவு போய்விட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பவர்கள் நம்மில் அதிகம். அதனால் திருடனுக்குத்தான் லாபம். இங்கே நடந்தால் 119க்குப் பேசுங்கள், அல்லது எந்த இடத்தில் நடந்ததோ அந்தப் பொலிசில் முறைப்பாடு எழுதி, முறைப்பாட்டு நம்பரை வாங்குங்கள். பேங்க் அட்டை போயிருந்தால் அதற்கும் முன்னே பேங்குக்குப் போன் செய்து அட்டையை நிறுத்துங்கள். வெளிநாட்டில் பாஸ்போட் போனால் அந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கையோடு இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். கையில் உள்ள கொப்பி அங்கே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். பயணப் பத்திரம் ஒன்று கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊருக்கு வந்தபின் புதிய பாஸ்போட்டுக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கண்டிக் கிளையை நாடலாம். பொலிஸ் முறைப்பாட்டின் கொப்பியைக் கொண்டு போக மறக்காதீர்கள். வேலைக்குப் போன இடத்தில் எது நடந்தாலும், ஊரில் உள்ளவர்கள் உங்களுக்காக 1989க்குப் பேசி முறைப்பாடு செய்யலாம்.

இந்த இரண்டு நம்பர்களையும், வீட்டுப் போன் நம்பரையும், தூதரக நம்பரையும் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் களவு போகிற அன்றைக்கு நம்பரும் போய்விடும். கடுதாசியைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காசு இருக்கிற பைக்குள் வைக்காமல் சப்பாத்துக்குள்ளோ சட்டையின் உள்மடிப்பிலோ வையுங்கள்.