மூன்று இடங்களைக் கூட்டினால் ஒரு ஆம்பூர்! ஆனால் அவர்கள் ஆடும் ஆட்டம் தெரியுமா?

ஆம்பூர் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புப்படி 1,14,608. இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்ரால்டர், சான் மரினோ, லிக்டென்ஸ்டைன் என்ற மூன்று இடங்களின் ஜனத்தொகையையும் கூட்டினால்தான் ஏறக்குறைய ஒரு ஆம்பூர் தேறும்! ஆனால் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவில் இந்த மூன்றும் தனித்தனி உறுப்பினர்கள். இங்கிலாந்து, ஸ்பெயின் இருக்கும் அதே தரவரிசைப் பட்டியலில் இவர்களுக்கும் இடம் உண்டு. ஆண்டு தவறாமல் தங்கள் கிளப்புகளை ஐரோப்பியக் கோப்பைகளுக்கு அனுப்புகிறார்கள். நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூக்கள் எந்த ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றனவோ, அந்த நாட்டுக் கிளப்புகள் ஆடும் கோப்பைகள்தான் அவை!

போய் உதை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள், அவ்வளவுதானே என்கிறீர்களா? 2016 ஜூலை 12 அன்று நடந்தது தெரியுமா?

ஜிப்ரால்டரின் பரப்பளவு 7 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்குள்ள விக்டோரியா மைதானம் விமான ஓடுபாதையை ஒட்டியே இருக்கிறது. அன்று அங்கே வந்து இறங்கிய அணி ஸ்காட்லாந்தின் செல்டிக். 1967இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற செல்டிக்! எதிரே உள்ளூர் லிங்கன் ரெட் இம்ப்ஸ். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் லீ காஷியாரோ பந்தை வலைக்குள் தள்ளினார். 1-0! கடைசிவரை அதுதான் கணக்கு. காஷியாரோவின் அன்றாட உத்தியோகம் என்ன தெரியுமா? போலீஸ்காரர்! பின்னர் கிளாஸ்கோவில் நடந்த மறு ஆட்டத்தில் செல்டிக் 3-0 என்று மீண்டது உண்மைதான். ஆனாலும் அந்த இரவின் வெற்றிக்கான புள்ளி ஜிப்ரால்டரின் பெயரில் ஏறிவிட்டது. அதை யாராலும் திருப்பி வாங்க முடியாது.

இந்தப் புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஐரோப்பியக் கால்பந்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்! ஒரு நாட்டுக் கிளப் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஒன்றில் வென்றால் 2 புள்ளி, டிரா செய்தால் 1. தகுதிச் சுற்றுகளில் இதில் பாதி. மேல் சுற்றுகளுக்குப் போகப் போக ஊக்கப் புள்ளிகளும் உண்டு. அந்த நாட்டின் எல்லா கிளப்புகளும் அந்த சீசனில் சேர்த்ததைக் கூட்டி, எத்தனை கிளப் ஆடியதோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 4 கிளப் சேர்ந்து 20 புள்ளி எடுத்தால் நாட்டுக்கு 5. இப்படி ஐந்து சீசன்களைக் கூட்டினால் வருவதுதான் தரவரிசை. அடுத்து எத்தனை கிளப்புகளை அனுப்பலாம், எந்தச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு கிளப் கோல் வாங்கித் தோற்றால் அந்த நாட்டின் எல்லா கிளப்புகளின் கணக்கிலும் அடி விழும். ஒரு கிளப் ஜெயித்தால் ஊரில் அதற்குப் பரம விரோதியான கிளப்பும் பலன் அடையும்!

இந்த வகுத்தலில்தான் லிக்டென்ஸ்டைனின் அதிசயம் ஒளிந்திருக்கிறது. அந்த நாட்டுக்குச் சொந்தமாக லீக்கே கிடையாது! அதன் வாடுஸ் கிளப் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் லீக்கில் ஆடுகிறது. ஐரோப்பாவுக்கு அனுப்புவது உள்நாட்டுக் கோப்பையை வெல்லும் ஒரே ஒரு கிளப்பை. வகுக்கும் எண் ஒன்று என்பதால் அது எடுக்கும் புள்ளி முழுதும் நாட்டுக்கே. 2022இல் சுவிட்சர்லாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த வாடுஸ், துருக்கியின் கோன்யாஸ்போரை வீழ்த்தியது, வியன்னாவுக்கே போய் ராப்பிட் அணியை 1-0 என்று வென்றது, ஐரோப்பியக் கோப்பைகளில் ஒன்றான கான்ஃபரன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுக்குள் நுழைந்தது. லிக்டென்ஸ்டைன் கிளப் ஒன்று அந்த வாசலைத் தொட்டது அதுவே முதல் முறை!

சான் மரினோ 55 நாடுகள் கொண்ட பட்டியலின் அடிவாரத்தில் கிடக்கும் நாடு. அதன் ட்ரே ஃபியோரி கிளப் 2018இல் வேல்ஸின் பாலா டவுனை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 3-1 என்று சாய்த்தது. அந்த நாட்டுக் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பையில் ஒரு சுற்றைத் தாண்டியது அன்றுதான் முதல் முறை.

இப்போது கிளாக்ஸ்விக். எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்த ஊர் இதுதான். அட்லாண்டிக் கடலில் கிடக்கும் ஃபாரோ தீவுகளில் சுமார் 5,000 பேர் வாழும் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஆம்பூரில் இரண்டு வார்டு மக்களைச் சேர்த்தாலே அதைத் தாண்டிவிடும்! அந்த ஊர் கே.ஐ. கிளப்பில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். 2023 ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு ஹங்கேரியின் பெரும்புள்ளி ஃபெரன்ஸ்வாரோஸ் வாய்த்தது. சொந்த மண்ணில் 0-0. சரி, புடாபெஸ்ட்டில் நொறுங்கிப் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே ஸ்கோர் 3-0. கிளாக்ஸ்விக் 3! ஃபெரன்ஸ்வாரோஸின் பயிற்சியாளர் செர்செசோவின் வேலையே போயிற்று. அடுத்து ஸ்வீடனின் ஹேக்கனைப் பெனால்டியில் வென்றார்கள். அதற்கடுத்து நார்வேயின் மோல்டேவைச் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரம்வரை இழுத்துத்தான் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு கான்ஃபரன்ஸ் லீக் குரூப்பில் பிரான்ஸின் லீல் அணியோடு 0-0, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை 3-0! ஒரே சீசனில் ஃபாரோ தீவுகளின் கணக்கில் புள்ளி மேல் புள்ளி!

நார்வேயின் போடோ தெரியுமா? ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். அந்தக் குளிரில் செயற்கைத் தரையில்தான் ஆட்டம். 2021 அக்டோபர் 21 அன்று ஜோசே மொரின்யோவின் ரோமாவை போடோ கிளிம்ட் அடித்த கணக்கு 6-1! அந்த ஆண்டு கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைக் கடைசியில் வென்றது யார் தெரியுமா? அதே ரோமா! போடோவும் சும்மா இருக்கவில்லை. 2025இல் லாட்ஸியோவைப் பெனால்டியில் வென்று யூரோப்பா லீக் அரையிறுதிக்குப் போனது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி கண்ட முதல் நார்வே கிளப்.

செயற்கைத் தரை என்றதும் ஆம்பூர் போன்ற தோல் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உலகக் கோப்பையில் அசல் தோல் பந்து கடைசியாக உருண்டது 1982இல், ஸ்பெயினில். 1986 மெக்சிகோவில் வந்த அஸ்தெகா பந்து முழுக்கச் செயற்கை. மழையில் நீர் குடித்துக் கனத்துப்போகும் தோல் பந்தின் காலம் அத்தோடு முடிந்தது.

மறுபடி ஐரோப்பியக் கோப்பைகளுக்கு வருவோம். மால்டோவா லீக்கிலிருந்து வந்த ஷெரிஃப் திரஸ்போல் 2021 செப்டம்பர் 28 அன்று மாட்ரிடிலேயே ரியால் மாட்ரிட்டை 2-1 என்று வென்றது. அஸர்பைஜானின் கராபாக் கதை இதைவிடக் கனமானது. போரில் தன் சொந்த ஊரான அக்தாமை இழந்த கிளப் அது. பாக்குவில் தங்கி ஆடி வளர்ந்தது. 2025 செப்டம்பரில் லிஸ்பனில் பென்ஃபிகாவிடம் 0-2 என்று பின்தங்கிய பிறகு, 3-2 என்று வென்றே விட்டது!

ஊரை விட்டு ஆடுவது என்றால் என்னவென்று நம் சென்னையின் எஃப்.சி.க்கும் தெரியும். ஐஸ்லாந்தின் விக்கிங்குர் 2025 பிப்ரவரியில் தன் 'சொந்த மைதான' ஆட்டத்தைப் பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஆடியது. உள்ளூரில் தகுதியான மைதானம் இல்லை. அங்கேயும் பனாதினைகோஸை 2-1 என்று வென்றது! 2019 ஆசியக் கால்பந்துச் சங்கக் கோப்பையில் சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மைதான ஆட்டங்களை எங்கே ஆடியது தெரியுமா? அகமதாபாத்தில்! தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்.சி.யோடு இலங்கையில் 0-0, அகமதாபாத்தில் 1-0. குரூப்பில் இரண்டாமிடம். தாக்காவின் அபஹானி முந்திக்கொண்டது.

அதே 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது சென்னை சிட்டி. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்குப் போனது. 2020 ஜனவரியில், அதுவும் அகமதாபாத்திலேயே, பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றது. மார்ச்சில் ஆசியக் கால்பந்துச் சங்கக் கோப்பையில் மாலத்தீவின் மசியாவோடு 2-2. அந்த மசியா லேசுப்பட்ட அணியா? அதற்கு முந்தைய மாதம்தான் பெங்களூரு எஃப்.சி.யைப் பெனால்டியில் வெளியே அனுப்பியிருந்தது! சென்னை சிட்டிக்கு வேகம் பிடிக்கும் நேரத்தில் கொரோனா வந்து அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டு அணிக்கு அப்படி ஒரு வாய்ப்பு வாய்த்து நழுவியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆசியப் படிக்கட்டில் இந்தியக் கிளப்புகள் ஏறியதும் உண்டு. 2016இல் பெங்களூரு ஆசியக் கால்பந்துச் சங்கக் கோப்பை இறுதிவரை போய் ஈராக்கின் விமானப்படைக் கிளப்பிடம் 0-1 என்று தோற்றது. 2021இல் கோவாவின் எடு பெதியா, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் இந்தியக் கிளப்பின் முதல் கோலைப் போட்டார். 2022 ஏப்ரல் 11 அன்று மும்பை சிட்டி 2-1 என்று முதல் வெற்றி கண்டது. யாரை? அதே ஈராக் விமானப்படைக் கிளப்பை!

சின்ன லீக்குகளின் சாம்பியன்களுக்கு ஐரோப்பியக் கணக்கு ஜூலை தொடக்கத்திலேயே திறந்துவிடுகிறது. பெரிய கிளப்புகள் விடுமுறையில் இருக்கும்போதே கிளாக்ஸ்விக், லிங்கன் ரெட் இம்ப்ஸ் போன்ற கிளப்புகள் முதல் தகுதிச் சுற்றுக்கு இறங்கிவிடும். நம் நேரப்படி பல ஆட்டங்கள் இரவு பத்து மணிக்கு மேல்தான். அடுத்த ஜூலையில் ஒரே ஒரு இரவு விழித்திருந்து அந்த ஸ்கோர்களைப் பாருங்கள். எந்த ஊர் எந்த அணியைச் சாய்க்கப் போகிறதோ!