வானவழித் தூரமும் பயணக் காலமும்

கானாடுகாத்தானிலிருந்து மலாயாவுக்குச் சென்று பொருளீட்டினோர் பலர். அந்நாளில் அவர்கள் வழியின் நீளத்தை மைலால் அளந்திலர், நாளால் அளந்தனர். நாகப்பட்டினத்திற் கப்பலேறினோர் பினாங்கையும் அதற்கப்பாலுள்ள துறைகளையும் அடைய ஒரு வாரத்தையொட்டிக் கடலிற் கழிக்க வேண்டியிருந்தது. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இவ்வழியே மக்களை ஏற்றிச் சென்றது. அதன்பின் வந்த சிதம்பரம் என்னும் கப்பல் 1985 பிப்ரவரியில் தீக்கிரையானதோடு அப்போக்குவரத்தும் ஓய்ந்தது. இன்று திருச்சிராப்பள்ளியில் விமானமேறுவோர் நான்கு மணி நேரத்திற் கோலாலம்பூரில் இறங்குகின்றனர். இந்நான்கு மணி நேரம் என்பதன் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

இரு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். பூகோள உருண்டையின்மீது ஈரிடங்களையும் தொடுமாறு ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் காட்டும் வழியே இது. விமானம் உயரப் பறக்கும்போது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் விரையும். கணக்கின்படி மூன்றேகால் மணி நேரம் போதும். எஞ்சிய முக்கால் மணி நேரம் யாங்ஙனம் செலவாகின்றது? தரையில் ஊர்ந்து ஓடுதளத்தை அடைதல், மெல்ல மேலேறுதல், வேகங் குறைத்து இறங்குதல், நேர்வழி விட்டு விதிக்கப்பட்ட வழியே செல்லுதல் ஆகியன அதனைக் கொள்ளும். எதிர்க்காற்றுக் காலத்தை நீட்டும். பின்காற்று அதனைச் சுருக்கும்.

இனி, கடிகாரம் விளைக்கும் மயக்கம் ஒன்றுண்டு. மலேசிய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. இங்குக் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அங்கு மாலை 4.30 மணிக்கு இறங்குவார்; ஆறரை மணி நேரம் சென்றதுபோலத் தோன்றும். அங்குக் காலை 10 மணிக்குப் புறப்பட்டவரோ இங்கு 11.30 மணிக்கே வந்துவிடுவார். உண்மையில் இரண்டும் நான்கு மணி நேரமே. 1982-ஆம் ஆண்டுப் பிறப்பன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளிற்று; அதற்குமுன் வேற்றுமை இரண்டு மணியே.

இவ்வளவும் நிலையத்திலிருந்து நிலையம் வரையுள்ள கணக்கு. மனிதரோ வீட்டிலிருந்து வீட்டிற்குச் செல்கின்றனர். கோலாலம்பூர் விமான நிலையம் நகருக்கு வெளியே நெடுந்தொலைவில் உள்ளது; அதனை அடைய ஒருமணி. அயல்நாட்டுப் பயணிகள் மூன்று மணி முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். பறப்பது நான்கு மணி. திருச்சிராப்பள்ளியில் இறங்கிச் சோதனைகள் முடித்துப் பெட்டியைப் பெற ஒருமணி. அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகக் கானாடுகாத்தான் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதற்கு ஒன்றரை மணி. கூட்டினால் பத்தரை மணியாகின்றது. அன்றைய விமானம் முன்னரே போய்விட்டதாயின் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

இதனை வெறுங்கணக்கெனத் தள்ளுதற்கில்லை. ஊரில் முதியோர் ஒருவர் கண்மூடின், கடல்கடந்திருக்கும் மகன் வரும்வரை உடலை வைத்திருப்பதா, எந்நேரத்தில் எடுப்பது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்யுங்கால், “நாலு மணி நேரந்தானே” என்னும் சொல்லை நம்பி நேரங் குறித்துவிட்டால், மகன் தந்தையின் முகம் காணாமலே போகக்கூடும். ஆதலின் வழியைக் கேட்போர்க்கு விமானத்தின் நேரத்தை மட்டும் கூறாது, வாயிலிலிருந்து வாயில் வரையுள்ள நேரத்தையே கூறுதல் நன்று.