கால்வாய்க் கரையில் பத்து நாள் நடை
தெற்குப் பிரான்சு உழவர்க்குச் சொல்லும் பாடம்

தெற்குப் பிரான்சில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள தோ உப்பங்கழி வரை ஒரு கால்வாய் செல்கிறது. அதன் நீளம் சுமார் 240 கிலோ மீட்டர். அதன் பெயர் மிதிக் கால்வாய். பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்ற சொல் நண்பகலையும் தெற்குத் திசையையும் குறிக்கும். 1666-ல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் வேலை தொடங்கி, 1681-ல் படகுகள் ஓடத் தொடங்கின. ரயில் வந்த பிறகு சரக்குப் போக்குவரத்து படிப்படியாகக் குறைந்து, 1980-களோடு நின்றேபோயிற்று. இன்று உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. முன்பு குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைப் பாதையில் இப்போது நடைப்பயணிகளும் சைக்கிள்காரர்களும் செல்கின்றனர்.

நாளொன்றுக்கு 24 கிலோ மீட்டர் நடந்தால் பத்து நாளில் இக்கரையை முழுவதும் பார்த்துவிடலாம். வழி நெடுக விளைநிலங்கள்தாம். உழவுத் தொழில் செய்பவர் நின்று பார்க்க வேண்டிய இடங்களும் பல உண்டு.

அவுரி அழித்த பயிர்

துலூஸை விட்டு வெளியேறியதும் லோரகே என்னும் சமவெளி வருகிறது. கோதுமையும் சூரியகாந்தியும் இங்கு முக்கியப் பயிர்கள். ஆனால் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் இப்பகுதிக்குச் செல்வம் தந்தது 'பாஸ்டல்' என்ற நீலச்சாயச் செடி. அதன் இலையை அரைத்து உருண்டையாக்கி உலர்த்தி விற்றார்கள். துலூஸ் வணிகர்கள் அந்தப் பணத்தில் கட்டிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. பின்னர் இந்தியாவிலிருந்து அவுரிச் சாயம் கப்பலேறி வந்தது. உள்நாட்டுப் போர்களும் சேர்ந்துகொள்ள, பாஸ்டல் சாகுபடி நசிந்தது. ஒரே பயிரை நம்பிய சீமை சந்தை மாறியதும் தள்ளாடியது.

மேட்டுக்கு நீர் வந்த விதம்

இரண்டாம் நாள் முடிவில் நவ்ரூஸ் மேடு வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரமுள்ள இதுவே கால்வாயின் உச்சி. இங்கிருந்து ஒரு புறம் அட்லாண்டிக் பக்கமும், மறு புறம் மத்தியதரைக் கடல் பக்கமும் தண்ணீர் இறங்குகிறது. படகு ஒவ்வொரு முறை பூட்டுமதகைக் கடக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். ஆகவே உச்சிக்கு ஓயாமல் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். பல தலைமுறைகளாகப் பேசப்பட்ட கால்வாய்த் திட்டம் இந்த ஒரு கேள்வியில்தான் முடங்கிக் கிடந்தது.

விடை கண்டவர் பியேர் போல் ரிக்கே. அவர் பொறியாளர் அல்லர். பெசியே ஊரில் பிறந்த உப்புவரி அதிகாரி. வடக்கே உள்ள கருமலையின் ஓடைகளை மலைச் சரிவிலேயே மறித்து, வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டி, அந்நீரை நவ்ரூஸ் மேட்டில் கொண்டுவந்து சேர்த்தார். கோடைக்குச் சேமிக்க சேன் ஃபெரியோல் என்ற இடத்தில் 1667 முதல் 1672 வரை மண்ணும் கல்லும் கொண்டு ஓர் அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கத்தில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல், அதாவது 21 கோடி கன அடிக்கு மேல், தண்ணீர் பிடிக்கும். முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அணை பயன்பாட்டில் உள்ளது.

வேலை உச்சத்தில் இருந்தபோது பன்னிரண்டாயிரம் பேர் வரை உழைத்தனர். பெண்களும் அவர்களில் உண்டு. மாதச் சம்பளம், மழை நாளுக்கும் நோயுற்ற நாளுக்கும் கூலி பிடிப்பதில்லை. அக்காலத்தில் இது அரிய செயல். தம் சொத்தையும் இதில் போட்ட ரிக்கே, 1680 அக்டோபரில் கடனோடு இறந்தார். கால்வாய் திறக்கப்பட்டதோ அடுத்த ஆண்டு மே மாதத்தில்.

மண்டி படிந்தது, மதகு வந்தது

புதிய கால்வாயில் ஒரு குறை இருந்தது. வழியில் குறுக்கிட்ட ஓடைகள் பல நேராகக் கால்வாயில் கலந்தன. மழைக்காலத்தில் அவை கொண்டுவந்த வண்டல் கால்வாயைத் தூர்த்தது. 1686-ல் மன்னரின் பொறியாளர் வோபான் வந்து பார்வையிட்டார். ஓடை நீர் கால்வாய்க்கு அடியில் புகுந்து மறுபுறம் போகும்படி பல சுரங்கப் பாலங்களும், மிகுதி நீர் வழிந்தோடக் கலிங்குகளும் கட்ட வைத்தார். தூர் வாருவதோடு, தூர் வரும் வழியையும் அடைக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இன்றும் குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்தை நிறுத்தி மதகுகளையும் கரைகளையும் பழுது பார்க்கின்றனர்.

ஐந்தாம் நாள் வாக்கில் இரட்டை மதில் சூழ்ந்த கர்க்கசோன் கோட்டை தெரியும். கால்வாய் வெட்டியபோது இவ்வூரார் செலவில் பங்கு தர மறுத்ததால், அது ஊரை ஒதுக்கி வெட்டப்பட்டது. வணிகம் விலகிப் போனதைக் கண்டு வருந்திய ஊரார், பின்னர் தாங்களே முன்வந்து கால்வாயை ஊருக்குத் திருப்பினர். அந்த வேலை முடிந்தது 1810-ல். பொதுக் காரியத்தில் முதலில் தட்டிக் கழித்ததன் விலை நூறாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு.

சக்கரம் போன்ற வயல்

பெசியே நெருங்கும்போது மால்பா என்ற குன்றைக் குடைந்து கால்வாய் செல்கிறது. 1679-80-ல் வெட்டப்பட்ட இச்சுரங்கம் சுமார் 165 மீட்டர் நீளமுள்ளது. அருகிலுள்ள ஆன்செரூன் குன்றின் மேல், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே மக்கள் வாழ்ந்த ஊரின் இடிபாடுகள் உள்ளன. அங்கு நின்று வடக்கே நோக்கினால் வண்டிச் சக்கரம் போன்ற ஒரு வயல்வெளி தெரியும். இதுவே மோந்தாடி ஏரி. 400 ஹெக்டேருக்கு மேல் பரந்த இச்சதுப்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வடித்துப் பயிர்நிலமாக்கினார்கள். ஆரக்கால்கள் போல் வெட்டிய வடிகால்கள் நடுவில் கூடுகின்றன. அங்கிருந்து நீர், மால்பா குன்றின் அடியில் வெட்டிய நீண்ட சுரங்கத்தின் வழியே வெளியேறுகிறது. யாரோ ஒருவர் தம் வரப்போரம் வடிகாலை அடைத்துவிட்டால் மேலே உள்ள அனைவரின் வயலிலும் நீர் தேங்கும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலம் விளைகிறது என்றால் அதற்குக் கூட்டுப் பொறுப்பே காரணம்.

பெசியேயில் ஃபோன்செரான் படிமதகு பலரும் காண விரும்பும் இடம். முட்டை வடிவிலான எட்டுத் தொட்டிகள் அடுத்தடுத்து, 21 மீட்டருக்கு மேல் படகை ஏற்றி இறக்குகின்றன. தொடக்கத்தில் கட்டிய நேர்ச்சுவர் மதகு ஒன்று மண்ணின் அழுத்தத்தால் இடிந்தது. அதன் பிறகே சுவரை வளைத்துக் கட்டினார்கள். வளைந்த சுவர் அழுத்தத்தைத் தாங்கியது.

நிழல் போன கதை

இவ்வளவும் நிலைத்திருக்க, கால்வாயின் நிழல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. 1830-களிலிருந்து இரு கரைகளிலும் பிளாட்டான் மரங்களை நட்டார்கள். அகன்ற இலையும் வெளிறிய பட்டையும் கொண்ட பெருமரம் இது. வேர் கரையைப் பிடித்தது. நிழல் ஆவியாதலைக் குறைத்தது. மொத்தம் சுமார் 42,000 மரங்கள் இருந்தன. 2006-ல் கர்க்கசோனை அடுத்த வில்துபேர் அருகே சில மரங்கள் வாடின. செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்ற பூசணமே காரணம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு இது தென் ஐரோப்பாவில் நுழைந்ததாகக் கருதப்படுகிறது.

பூசணம் காயத்தின் வழியே புகுந்து, மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கிறது. சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். வெட்டிய அரிவாள், ரம்பம், மரத்தூள், ஓடும் நீர், படகு உரசிக் காயப்பட்ட வேர், மரத்தில் இறுக்கிக் கட்டிய படகுக் கயிறு ஆகிய எல்லாமே நோயைப் பரப்பின. அடுத்தடுத்து நின்ற மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் நிலத்துக்குள்ளும் பரவியது. ஒரே இன மரமாக நின்றதால் தடுக்க ஏதுமில்லை. நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. பல பத்தாயிரம் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேதனை உண்டு. நம் உழவர் அனைவரும் அறிந்த போர்டோ கலவை இந்த நாட்டில்தான் பிறந்தது. துலூஸிலிருந்து கரோன் ஆறு போகும் போர்டோ நகரத்தின் பக்கத்தில், பாதையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளிப்பார்கள். அக்கொடிகளில் அடிச்சாம்பல் நோய் வராததைக் கண்டு, 1885-ல் பேராசிரியர் மில்லார்டே அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். இலையின் மேல் வரும் பூசணத்தை அது தடுக்கும். மரத்தின் உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை அதனால் எட்ட முடியாது.

இப்போது நோய் எதிர்ப்புள்ள பிளாட்டான் இரகம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். எனினும் அதை மட்டும் நம்பாமல் ஓக், வெண்பாப்ளார் எனப் பல இனங்களைக் கலந்து நடுகின்றனர்.

நம் தோப்புக்கு வருவோம்

தென்னையில் சாறு வடிதல் நோயை உண்டாக்கும் பூசணம், அந்தப் பிளாட்டான் பூசணத்துக்கு நெருங்கிய உறவு. கரும்புக் கரணையைத் தாக்கும் அழுகல் நோய்க்கும் அதுவே காரணம். அதுவும் காயத்தின் வழியே புகக்கூடியது. ஆகவே தென்னையில் ஏறுவதற்காகத் தண்டில் வெட்டுப்படி செதுக்குவதையும், ஆணி அடிப்பதையும், கம்பி கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். சாறு வடியும் இடத்தில் கெட்ட பகுதியை நல்ல திசு தெரியும் வரை செதுக்கி, செதுக்கலைத் தோப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துக் கலந்தால் போர்டோ பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தயாரித்துச் செதுக்கிய இடத்தில் பூச வேண்டும். ஒரு மரத்தில் பயன்படுத்திய உளியை, அரிவாளைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

வரப்போரம் முழுவதும் ஒரே இன மரத்தை வைக்காமல் தென்னையோடு வேம்பு, புங்கம், பூவரசு என மாற்றி மாற்றி வைத்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் மன்னர் காலத்து மதகையும் அணையையும் மூன்றரை நூற்றாண்டு காத்தனர். கழுவாத ரம்பமும் மரத்தில் கட்டிய கயிறும் அவர்களின் நிழலைப் பறித்தன. நம் தோப்பில் இந்த வாரமே அரிவாளைக் கழுவித் துடைக்கத் தொடங்குவோம்.